அறிவிப்பாளரின் பூனைக்கு எது கேட்டது

பூனையின் காதை அளப்பதெல்லாம் ஒரு வேலையா என்று அவளுடைய அக்கா கேட்காத வாரம் கிடையாது. வேலைதான், அதற்கென்று எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள் என்று இவளும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடியில், கோடி அறையில், மனிதர்களுக்கும் அவர்கள் ஆசையாக வளர்க்கும் பிராணிகளுக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பேராசிரியரும் அவருக்குக் கீழே ஐந்து பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் நாலு பேர் நாய்க்காரர்கள். பூனைக்கு இவள் ஒருத்திதான். வீடியோவை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு சத்தத்துக்கும் பூனையின் காது எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியது என்று எழுதிவைப்பது இவள் பொறுப்பு என்பதால் அங்கே எல்லோரும் அவளைக் காதுக்காரி என்றே கூப்பிட்டார்கள். முதல் மாதம் கோபம் வந்தது. பிறகு அவளே போனை எடுத்து, காதுக்காரி பேசுகிறேன் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாய்க்காரர்கள் பாடு கொண்டாட்டம். நாய் எதையும் ஒளித்துவைக்காது. வேண்டிய ஆளைக் கண்டால் உடம்பு மொத்தமும் வாலாகிவிடும். பூனை அப்படியா? கூப்பிட்டால் வராது. வராததற்கு ஆளைத் தெரியவில்லை என்று அர்த்தமா, தெரிந்தும் மனசு வரவில்லை என்று அர்த்தமா? இந்த ஒரு கேள்விதான் காதுக்காரியை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது. வளர்ப்பவரின் குரல் பூனைக்குத் தெரியுமா என்று பார்க்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். செய்முறை சுலபம். பூனையை அதன் அறையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட வேண்டும். திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஸ்பீக்கரில், முன்பின் தெரியாத மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் குரலுக்குக் காது திரும்பும். இரண்டாவதற்குப் பாதி திரும்பும். மூன்றாவது வரும்போது, எவனோ கத்துகிறான் என்று பூனை விட்டுவிடும். நாலாவதாக வளர்ப்பவரின் குரல். அப்போது காது மறுபடி எழுந்தால் பூனைக்கு ஆளைத் தெரிகிறது என்று பொருள். நாற்பது வீடு பார்த்தாயிற்று. முக்கால்வாசிப் பூனைகளுக்குக் காது எழுந்தது. எழுந்து நடந்து வந்தவை என்னவோ இரண்டே இரண்டுதான்.

நாற்பத்தோராவது வீட்டிலிருந்து போன் வந்தபோது அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மிருக வைத்தியர் வீட்டுச் சுவரில் உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன், எங்களிடமும் ஒரு பூனை இருக்கிறது என்று சொன்ன அந்தக் குரலை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. ரயில் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் அறிவிப்புச் செய்த குரல். காதுக்காரி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டது. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைக்கூட நல்ல சேதி மாதிரி சொல்லும். இப்போது போனில் அதன் ஓரமெல்லாம் தேய்ந்து கரகரத்திருந்தது. வருவதானால் பதினைந்து நாளைக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் இந்தக் குரல் இருக்காது என்றார் அறிவிப்பாளர்.

இரண்டாவது மாடி வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புருஷன் உட்பட எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். காதுக்காரி பையைக் கீழே வைப்பதற்குள்ளாகவே, வெறும் நாற்பது பூனையை வைத்துக்கொண்டு உலகத்துப் பூனைக்கெல்லாம் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள் என்று மடக்கினார். காதுக்காரி தன் பேராசிரியரிடம் சொல்வதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் அரை மனசாகத்தான் தலையாட்டினார்.

அறிவிப்பாளர் சுற்றி வளைக்கவில்லை. தொண்டையில் கட்டி, மருந்துக்கு மசியவில்லை. குரல்வளையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். பிறகு மூச்சு, கழுத்தில் போடும் ஒரு துளை வழியாகப் போய்வரும். பேசுவதற்கு ஏதோ கருவி உண்டாம், பயிற்சி உண்டாம், ஆனால் இந்தக் குரல் திரும்பாது. ரத்தான வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல இதையெல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்தார். மனுஷர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு எழுதிக் காட்டிக்கொள்ளலாம். கவலையெல்லாம் ஜன்னலோர அலமாரிக்கு மேலே எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பூனையைப் பற்றித்தான்.

அதற்குப் பெயர் மூணு. ஆறு வருஷத்துக்கு முன் மூன்றாம் நடைமேடையில், பார்சல் தள்ளும் வண்டிக்கு அடியில் கிடைத்த குட்டி. அன்றைக்கு வந்த சந்தேகம் அதற்கு இன்னும் தெளியவில்லை. விருந்தாளி வந்தால் அலமாரிக்கு மேலே ஏறிக்கொள்ளும். டீச்சர் கையில் மீனை வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான். ஆனால் அறிவிப்பாளர் எந்த அறையிலிருந்து குரல் கொடுத்தாலும் போட்டது போட்டபடி ஓடிவரும். தட்டு வைப்பது நான், தண்ணீர் வைப்பது நான், ஓடுவது மட்டும் அவரிடம் என்று டீச்சர் சொன்னதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றார் அறிவிப்பாளர். "அவ என் குரலுக்கு வர்றாளா, எனக்கு வர்றாளா? குரலுக்குத்தான்னா, இன்னும் பன்னெண்டு நாள்ல எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒண்ணும் மிச்சமிருக்காது."

காதுக்காரி இருக்கிற விதியை இருக்கிறபடி சொன்னாள். ஆராய்ச்சியில் எல்லாப் பூனைகளையும் சேர்த்துத்தான் விடை வரும், ஒரு வீட்டுக்கு என்று தனியாகத் தீர்ப்புக் கிடையாது, முடிவை வீட்டுக்காரரிடம் சொல்லவும் கூடாது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆயுசு பூராவும் விதிப்படி வேலை பார்த்த மனுஷர். மைக்கை முன்னால் வைத்ததும் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே ஐந்து தடவை பூனையைக் கூப்பிட்டார். காதுக்காரி பதிவை எடுத்துக்கொண்டு போய், எல்லா வீட்டுக்கும் செய்வதையே இதற்கும் செய்தாள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருந்த இரைச்சலையெல்லாம் நறுக்கித் தள்ளி, 'மூணு' என்ற பெயரை மட்டும் சுத்தமாக எடுத்துவைத்தாள். அப்போதுதான் எல்லாக் குரலும் ஒரே அளவில் இருக்கும். நறுக்குவதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு.

நாலு நாள் கழித்துச் சோதனை. அறிவிப்பாளரும் டீச்சரும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல் குரல் கூப்பிட்டது. மூணுவின் இரண்டு காதும் திரும்பின. இரண்டாவதற்கு ஒரு காது. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. நாலாவது அறிவிப்பாளரின் குரல். காதுக்காரி கேமராவின் திரையைப் பார்த்தாள். பூனையின் காது கடுகளவும் அசையவில்லை. அதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒரு காலைத் தூக்கி நிதானமாக நக்க ஆரம்பித்தது.

நாற்பத்தொரு வீட்டில் இவ்வளவு மோசமான மதிப்பெண் வாங்கிய ஆள் இவர்தான். அறிவிப்பாளர் வெளியே வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது அவள் விதியைச் சொன்னாள். ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்த விதி தெரியும்? அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

டீச்சருக்கு மட்டும் இதில் சந்தோஷம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். பூனைக்கு இவர் குரல் தெரியாது. ஆனாலும் இவரிடம் வருகிறது. அப்படியானால் குரலுக்காக வரவில்லை. ஆகவே குரல் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கணக்கில் ஒரு ஓட்டையும் கிடையாது. ஆனால் அறிவிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கே தெரிந்த குரல், மடியில் போட்டு வளர்த்த பூனைக்குத் தெரியவில்லை என்றால் மனுஷருக்கு எப்படி இருக்கும்? சாப்பாட்டு நேரத்துக்குத் தற்செயலாக வந்து நின்றதையெல்லாம் தனக்காக வந்ததாக நினைத்துக்கொண்டு ஆறு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து டீச்சரின் சந்தோஷமும் போய்விட்டது.

காதுக்காரிக்கு அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. டீச்சர் கணக்கு அவளை அரித்தது. வேறு அறையிலிருந்து கூப்பிட்டால் ஓடிவருகிறது என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் ஓடிவர வேண்டுமானால் பூனைக்கு ஏதோ ஒன்று கேட்டே ஆக வேண்டும். குரல் இல்லையென்றால் வேறு என்ன? மறுநாள் காலை முழுக்க அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்தாள். பக்கத்து மேசை நாய்க்காரன், பூனைக்கு நாய் என்றால் பயம், உனக்கு வேலை என்றால் பைத்தியம் என்று கிண்டலடித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை முடிந்த பிறகும் கேமராவை நிறுத்த மறந்திருந்தாள். அந்த மறதிதான் கைகொடுத்தது. திரையில், அவளுடைய முதுகு குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. பூனை காலை நக்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அதன் இரண்டு காதுகளும் படுக்கையறைக் கதவுப் பக்கம் திரும்புகின்றன. நக்குவது நிற்கிறது, பூனை எழுந்து நிற்கிறது. எட்டு நொடி கழித்துக் கதவு திறக்கிறது, அறிவிப்பாளர் வருகிறார். அந்த எட்டு நொடிக்கு முன்னால் என்ன? சத்தத்தை முழுக்கக் கூட்டி, காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது தடவை பிடிபட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அறிவிப்பாளர் தொண்டையைக் கனைக்கிறார். முதலில் சின்னதாக ஒன்று, அதை ஒட்டிக்கொண்டு பெரிதாக ஒன்று. பேசப் போகும் மனுஷர் தன் தொண்டையைத் தட்டி எழுப்பும் கனைப்பு.

நறுக்காத மூலப் பதிவைத் தேடி எடுத்தாள். ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறார், ஐந்து தடவையும் பெயருக்கு முன்னால் அந்தக் கனைப்பு இருந்தது. அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது: ரயில் நிலையத்தில் மணியோசைக்கு அப்புறம், வண்டி எண்ணுக்கு முன்னால், ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்ட கனைப்பு அது. வேண்டாத இரைச்சல் என்று அதைத்தான் அவள் அழகாக நறுக்கிக் குப்பையில் போட்டிருந்தாள். காதுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கண்டிப்பானவர். செய்முறையை நடுவில் மாற்ற முடியாது, ஒரு பூனை ஆராய்ச்சி ஆகாது, அந்த வீட்டு மதிப்பெண் பதிந்தது பதிந்ததுதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, மற்றவர்கள் கனைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார். அதை வைத்து ஒப்பிட்டால்தானே தெரியும் என்றார். இந்த நோய் தனக்கு மட்டும் இல்லை என்று காதுக்காரிக்குத் தெரிந்தது. அன்று மத்தியானமே ஒரு நாய்க்காரன், ஒரு டிரைவர், அலுவலக மேலாளர் என்று மூன்று பேரைப் பிடித்து மைக் முன்னால் கனைக்கவைத்தார்கள். மேலாளர் ஏழு தடவை கனைத்தார். முதல் ஆறும் தன் பதவிக்குப் பொருத்தமாக இல்லை என்று அவர் நினைத்தார்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காதுக்காரி மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். இது ஆராய்ச்சிக் கணக்கில் சேராது, என் தப்பைத் திருத்திக்கொள்ள வந்திருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அறிவிப்பாளர் நம்பவே இல்லை. நான் எங்கே கனைக்கிறேன் என்றார். முப்பத்தோரு வருஷமாக என் காதுதானே அதைக் கேட்கிறது என்றார் டீச்சர்.

அறிவிப்பாளரும் டீச்சரும் போன தடவை போலவே படுக்கையறைக்குள் போனார்கள். மூணு அலமாரிக்கு மேலே படுத்திருந்தது. ஸ்பீக்கரில் நாய்க்காரன் கனைத்தான், காது திரும்பியது. டிரைவர் கனைத்தார், பாதி திரும்பியது. பதவிக்குப் பொருத்தமான மேலாளரின் கனைப்பைப் பூனை மதிக்கவே இல்லை. பிறகு அறிவிப்பாளருடையது, பெயர் இல்லை, குரல் இல்லை, கனைப்பு மட்டும். பூனை தலையைத் தூக்கியது. அலமாரியிலிருந்து ஒரே தாவலாகத் தாவி, வாலை நட்டுக்கொண்டு படுக்கையறைக் கதவடியில் போய் நின்றது. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அறிவிப்பாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அரைமணி நேரம் வீட்டில் ஒரே கூத்து. அவர் சமையலறையிலிருந்து கனைத்தார், குளியலறையிலிருந்து கனைத்தார், பால்கனியிலிருந்து கனைத்தார். பூனை ஒவ்வொரு இடத்துக்கும் போய் நின்றது. டீச்சர்கூடக் கனைத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் வயிறு வலித்தது.

சிரிப்பு அடங்கி எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் இவரால கனைக்க முடியுமா?"

இந்த ஐந்து நாளில் அந்தக் கேள்வி காதுக்காரிக்குத் தோன்றவே இல்லை. பேராசிரியருக்கும் தோன்றவில்லை. பதில் சொன்னவர் அறிவிப்பாளர்தான். டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுவைத்திருந்தார். மூச்சு இனிமேல் தொண்டை வழியாக மேலே வராது. அதனால் கனைப்பும் குரலோடு சேர்ந்து போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவரிடம் டீச்சரின் கணக்கு என்ற ஒரு ஆறுதலாவது இருந்தது. ஆசை ஆசையாக வந்து அதையும் பறித்துக்கொண்டது தான்தான் என்று காதுக்காரிக்கு உறைத்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படி இல்லம்மா. எந்த வண்டி போகப்போவுதுன்னு தெரியாம நிக்கிறதுக்கு, தெரிஞ்சு நிக்கிறது மேல். அந்தக் கனைப்ப மட்டும் எனக்குப் பதிவு பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க. சட்டைப் பையில வச்சுக்கிறேன்."

உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்பீக்கரில் அந்தக் கனைப்பை ஏற்றி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு அவள் திரும்பினாள். இப்படி ஒரு வழி இருக்கும்போது நாம் ஏன் கலங்கினோம் என்றுகூட படியிறங்கும்போது நினைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து டீச்சர் போன் செய்து, ஒரு நடை வந்து பாரும்மா, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றார். அறிவிப்பாளர் இளைத்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூச்சு போய்வரும்போது துணிக்குப் பின்னால் லேசாக ஒரு உஸ் சத்தம். மடியில் குழந்தைகள் எழுதும் சிலேட்டு. ஆஸ்பத்திரி மருந்து வாசனை அவரைவிட்டு இன்னும் போகவில்லை. மூணு அலமாரிக்கு மேலே இருந்தது, விருந்தாளி வந்தால் ஏறிக்கொள்ளும் அதே இடத்தில்.

பார் என்று காதுக்காரிக்குக் கையைக் காட்டிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்த ஸ்பீக்கரை அழுத்தினார். கனைப்பு வந்தது, அச்சு அசல் அவருடையது. பூனை அந்த நொடியே தாவி இறங்கியது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் படுக்கையறைக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. வெளியே வந்து சமையலறைக்குப் போனது, குளியலறைக் கதவடியில் நின்றது, பால்கனிக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. தேடும் ஆள் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் இதே கதைதான் என்று டீச்சர் முணுமுணுத்தார். அது தேடுவதை என்னால் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னார்.

அறிவிப்பாளர் சிலேட்டில் எழுதினார். இருபத்தெட்டு வருஷம் பேசியே பழகியவர் என்பதால் கையெழுத்துக் கோணல்மாணலாக இருந்தது. வராத வண்டிக்கு அறிவிப்புக் கொடுக்கக் கூடாது, எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய தப்புக் கிடையாது. அதைக் காதுக்காரியிடம் காட்டிவிட்டு ஸ்பீக்கரை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். காதுக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒயரே இல்லாத அந்த ஸ்பீக்கரைப் பையில் வைப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

வாசல்வரை வந்த அவர் மறுபடி எழுதிக் காட்டினார். காதின் அளவை அவள் எழுதிவைக்கும் படிவத்தில் பத்துத் தாள் வேண்டுமாம். ஏன் என்று அவள் கேட்கவில்லை, பத்துக்கு இருபதாகக் கொடுத்தாள். அவர் ஆரம்பத்திலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்திருந்தார். பூனைக்குத் தான் யாரோ ஒருவன். சரி, யாரோ ஒருவனாகவே இருந்துகொள்வோம். தினமும் சாயங்காலம் டாக்டர் சொன்ன நடையை முடித்துவிட்டு வந்து, கூடத்தில் தரையில் உட்கார்வார். கூப்பிட மாட்டார், கையை நீட்ட மாட்டார், மீன் காட்ட மாட்டார். பூனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் வண்டிக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல எழுதிவைப்பார். வாரம் ஒருமுறை டீச்சர் அதைப் படமெடுத்து அனுப்புவார். முதல் வாரம் பூராவும் அலமாரி மேல், அலமாரி மேல் என்றே இருந்தது. அப்புறம் மூன்று மீட்டர், முதுகு. மூன்று மீட்டர், பக்கவாட்டு. இரண்டரை மீட்டர், முகம். நடுவில் ஒரு நாள் வாசலில் பாத்திரம் விழுந்த சத்தத்தில் மறுபடி அலமாரி மேல். இரண்டு மீட்டரை அவர் 2 என்று எழுதியிருந்தால், டீச்சர் சிவப்பு மையால் 2.1 என்று திருத்தியிருப்பார். தரையில் அளவு நாடா ஒட்டியிருக்கிறது, இவர் கண்ணளவில் எழுதினால் எப்படி என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். கோடி அறையில் அந்தத் தாளுக்காகக் காத்திருக்காதவர்கள் இல்லை. நாய்க்காரர்கள்கூட, இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஏழாவது வாரத்தில் ஒரு மீட்டரில் வந்து நின்றது. எட்டாவது வாரமும் ஒரு மீட்டர்தான். ஒன்பதாவது வாரமும் அப்படியே. காதுக்காரிக்குப் பொறுக்கவில்லை. தாள்களை வாங்கிப் போகும் சாக்கில் ஒரு சாயங்காலம் கிளம்பிப் போனாள். அறிவிப்பாளர் நடக்கப் போயிருந்தார். டீச்சர் மேசைமேல் தாள்களைப் பரப்பி, தூரத்தைக் கோடாகப் போட்டு வைத்திருந்த வரைபடத்தைக் காட்டினார். கோடு சரிந்து சரிந்து வந்து, ஒரு மீட்டரில் தரைபோலப் படுத்துவிட்டது. இதற்கு மேல் இறங்காது போலிருக்கிறது, அவரிடம் எப்படிச் சொல்வது என்று டீச்சர் கேட்டார். ராத்திரி சாப்பிடும்போது சிலேட்டில் 1 என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். காதுக்காரி கடைசி மூன்று வாரத் தாள்களை எடுத்து மறுபடி பார்த்தாள். மூணு அவள் வந்ததைப் பொருட்படுத்தாமல் எதிர்நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த பூனையின் இரண்டு காதும் எழுந்து வாசற்கதவுப் பக்கம் திரும்பின.

காதுக்காரி தொழில் புத்தியில் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன்று, இரண்டு. பேசவேண்டாம் என்று டீச்சருக்குச் சைகை காட்டினாள். தன் காதை முழுசாகக் கொடுத்துக் கேட்டாள். மாடிப்படியில் சத்தமில்லை, தெருவில் எப்போதும் போகிற வண்டிகள் போயின, பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். ஏழு, எட்டு. டீச்சருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, கையை விரித்தார். மூணு நாற்காலியிலிருந்து இறங்கியது. அவசரமில்லாமல் நடந்து போய் வாசற்கதவுக்கு நேராக உட்கார்ந்தது. பதினான்கு, பதினைந்து. அது செருப்பின் தேய்மானமா, கைப்பிடியில் கை வைக்கும் விதமா, கழுத்துத் துணிக்குப் பின்னால் மூச்சு போடும் அந்த உஸ் சத்தமா என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்தாள். பூனையின் காதை அளக்கத் தெரிந்தவளுக்கு அன்று பூனை கேட்டது கேட்கவில்லை. இருபத்தோராவது எண்ணிக்கையில் கதவில் சாவி திரும்பியது.

கதவைத் திறந்த அறிவிப்பாளர் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டார். காலடியில் பூனை உட்கார்ந்திருந்தது. அவர் முதலில் பூனையைப் பார்க்கவில்லை. மேசையருகே இருந்த காதுக்காரியைப் பார்த்தார், அவளுடைய பையைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. கட்டைவிரலால் காற்றில் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். காதுக்காரி பையைக் கவிழ்த்துக் காட்டினாள். பேனா, தாள்கள், வீட்டுச் சாவி, வேறு ஒன்றும் அதில் இல்லை. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"யாரும் கூப்பிடலைங்க," என்றார் டீச்சர். "தூங்கிட்டிருந்தா. அவளாத்தான் எழுந்து வந்தா."

அறிவிப்பாளர் கதவைச் சாத்தவும் மறந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூணு அவருடைய மடியில் ஏறியது.